லீவே எடுக்காதவளுக்கு ஒரு பரிசு

வயதான தாதியரின் நலன் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று புதிதாகத் தாதிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நீங்கள் வந்து கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நலனாம்! எங்கள் காலத்தில் வயதான தாதியர் இருந்தார்கள், வேலையும் இருந்தது. நலன் என்பது வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து காரில் வந்து, மேடையில் பேசி, மத்தியானச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டு, வெயில் தாழ முன்னர் கடுகண்ணாவ மலைப்பாதை இறங்கிப் போய்விடும். அப்படி அது வந்துபோன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அன்றைக்கு ஒரு மனுஷி மேடையிலேயே செத்துப்போகப் பார்த்தார்.

ஊசி போடுவதையும் கட்டுப் போடுவதையும் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதற்கு ஆள் இருக்கிறது. வாயை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். ஏனென்றால் சொல்லித்தருகிறவர்களுக்கே அது தெரியாது.

கண்டியிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அங்கே மட்டும்தான் இப்படி நடந்தது என்று மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவார்கள். நான் பெண்கள் வாட்டில் தாதியாக இருந்தேன். எனக்கு மூத்தவராக இருந்தவரை எல்லோரும் தெல்தோட்டை அக்கா என்றே கூப்பிட்டோம். தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, படித்து, தாதியாகி வந்தவர். கலியாணம் கட்டவில்லை. ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில் அவருக்கு ஓர் அறை. அந்த அறைதான் அவருக்கு உலகம். கதவைச் சாத்திக்கொண்டு தனக்குப் பிடித்த மாதிரி ஒரு கறி வைத்துச் சாப்பிடுவதை அவர் அவ்வளவு பெருமையாகச் சொல்வார்.

வேலை போனால் அறையும் போகும். பிறகு தோட்டத்துக்குத் திரும்பி, தம்பியின் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஒரு மூலையில் பாயைப் போட்டு, தம்பி பெண்சாதி மனம் வைத்துப் போடும் சோற்றைத் தின்ன வேண்டும். தம்பி பெண்சாதிக்கு அக்காவைக் கண்ணில் காட்டக் கூடாது. அதனால் பென்ஷன் வயது வரும்வரை எப்படியாவது வாட்டில் காலூன்றி நின்றுவிட வேண்டும் என்பது அக்காவின் ஒரே வைராக்கியம். அதற்குப் பிறகு பென்ஷன் காசில் டவுனில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தார்.

அந்தக் கால்தான் அவரைக் கைவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. காலையில் வந்து போகும்வரை நின்றுகொண்டே இருக்கிற வேலை. நோயாளியின் கண்ணுக்கு முன்னால் தாதி உட்காரக் கூடாது என்று தாதியருக்கெல்லாம் மேலதிகாரியான எங்கள் மேட்ரன் ஒரு சட்டம் வைத்திருந்தார். வாட்டில் இருந்த கதிரைகள் எல்லாம் டொக்டர்மாருக்கும் வந்துபோகும் பெரிய மனிதர்களுக்கும்தான். நாங்கள் கால் கடுத்தால் சுவரில் சாய்ந்துகொள்ளலாம், அதுவும் யாரும் பார்க்காவிட்டால்.

மேட்ரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களப் பெண். கலஹாவில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர், ஆகையால் தமிழை எங்களைப் போலவே பேசுவார். திட்டும்போது மட்டும் சிங்களம். வயதும் ஏறக்குறைய எங்கள் வயதுதான். ஆனால் நடையைப் பார்த்தால் அப்படித் தெரியாது. விறைப்பாக, சப்பாத்துச் சத்தம் கேட்க, ஒரு வாட்டிலிருந்து அடுத்த வாட்டுக்குப் போவார். கெலிஓயாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு முஸ்லிம் தாதி ட்ரொலியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நடப்பதை ஒருநாள் கண்டுவிட்டார். உடனே மெடிக்கல் போர்டுக்கு எழுதிவிட்டார். வேலைக்குத் தகுதியில்லை என்று போர்டு தீர்மானித்தது. அந்த மனுஷிக்குப் பிரியாவிடை வைத்து, மாலை போட்டு, கேக் வெட்டி, படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்தில் சிரிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர் மட்டும்தான்.

அதிலிருந்து நாங்கள் என்ன கற்றுக்கொண்டோம் என்று நினைக்கிறீர்கள்? நோவு இருந்தால் போய்ச் சொல்ல வேண்டும் என்றா? நொண்டக் கூடாது என்று கற்றுக்கொண்டோம்.

வாட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் குசினியில் ஒரு பழைய பால்மா டின் இருந்தது. நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற நோவு மாத்திரைகள் எல்லாம் அதற்குள் போகும். என்ன மாத்திரை, எவ்வளவு வலுவானது, யாருக்கு எழுதியது என்று யாரும் பார்ப்பதில்லை. காலை வேலை ஓய்ந்ததும் வயது போன தாதியர் ஒவ்வொருவராக அங்கே வந்து, வெறும் வயிற்றில், பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தண்ணியோடு கையில் அகப்பட்டதைப் போட்டுக்கொள்வார்கள். சாயத்தண்ணியோடு கருப்பட்டி கடிப்பது வழக்கம் அல்லவா, அதனால் அதற்குக் கருப்பட்டி என்றே பெயர். ‘கருப்பட்டி இருக்கா?’ என்று ஒருவர் கேட்டால் மற்றவர் டின்னைத் தள்ளிவிடுவார். மூத்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது டின் அடுத்த மூத்தவரின் பொறுப்புக்கு வரும். ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி!

இதே ஆட்கள்தான் வாட்டில் நின்று, ஊரார் மாத்திரையை வாங்கிப் போட்டாயா, உனக்கு மூளை இருக்கிறதா என்று தோட்டத்திலிருந்து வந்த ஏழைப் பெண்களை அதட்டுவார்கள். ஓர் ஆஸ்பத்திரியே சேர்ந்து செய்தாலும் முட்டாள்தனம் முட்டாள்தனம்தான். எனக்கு அந்த மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது, போட்டால் குமட்டும். அதனால் தப்பினேன். என் புத்தியால் தப்பினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இப்போது அந்த நலன் நாளுக்கு வருகிறேன். மண்டபத்தைச் சோடித்திருந்தார்கள். வாசலில் குத்துவிளக்கு, கண்டிய நடனத்துக்குப் பிள்ளைகள், முன்வரிசையில் வெள்ளைத் துணி விரித்த கதிரைகள். கதிரைகள் விருந்தினருக்கும் அதிகாரிகளுக்கும் போதாமல் போனதால் தாதியரைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். நாங்கள் நின்றோம். கொழும்பிலிருந்து வந்த கனவான் திரையில் படங்களைப் போட்டு, நாள் முழுக்க நிற்கிறவர்கள் அடிக்கடி உட்கார்ந்து காலை உயர்த்தி வைக்க வேண்டும் என்று நிற்கிற எங்களுக்கு நெடுநேரம் விளக்கினார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். வேலையில் சந்தோஷமாக இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். மேட்ரன் திரும்பி எங்களைப் பார்த்தார். எல்லாக் கைகளும் மேலே போயின.

அந்த நிகழ்ச்சியின் முக்கிய கட்டம் ஒரு பரிசு. கூடிய காலம் சுகயீன லீவே எடுக்காத தாதிக்கு அதைக் கொடுப்பார்கள். நலனைக் கொண்டாட இதைவிடக் கேடுகெட்ட வழி ஒன்றை யாராவது கண்டுபிடித்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த வருடம் பரிசு தெல்தோட்டை அக்காவுக்கு.

கூட்டம் தொடங்குவதற்கு முன் கை கழுவும் இடத்தில் அக்காவைப் பார்த்தேன். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே இரத்தமே இல்லை. என்ன செய்கிறது என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் விடவில்லை. அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டு மூணு நாளா கறுப்பா போகுதுடி. தார் மாதிரி.”

வயிற்றுக்குள்ளே இரத்தம் கசிந்தால்தான் மலம் அப்படிப் போகும். அது தெரியாமல் ஒரு தாதி இருக்க முடியாது. அக்காவுக்கும் தெரியும். இப்போதே டொக்டரிடம் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. டொக்டரிடம் போனால் மாத்திரைக் கதை வெளியே வரும், ஏன் மாத்திரை என்று கேட்டால் முழங்கால் வெளியே வரும், முழங்காலைப் பார்த்தால் மேட்ரன் போர்டுக்கு எழுதுவார் என்றார். கூட்டம் முடியட்டும், பிறகு டவுனுக்குப் போய் யாராவது தெரியாத டொக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

பெயரை வாசித்தார்கள். கைதட்டினார்கள். அக்கா மேடைப் படிகளில் ஏறியதை நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். கொஞ்சமும் நொண்டவில்லை. கொழும்புக் கனவான் சான்றிதழையும் சுடுதண்ணி ஊற்றி வைக்கும் ஒரு போத்தலையும் கையில் கொடுத்து, படம் பிடிக்கிறவனுக்காகத் திரும்பி நிற்கச் சொன்னார். அக்கா திரும்பினார். அப்படியே மடங்கி முழங்காலில் விழுந்தார். போத்தல் உருண்டு போய்க் கீழே விழுந்து உடைந்தது.

நான் மேடைக்கு ஓடினேன். முன்வரிசையில் இருந்த ஓர் இளம் டொக்டரும் ஓடிவந்தார். இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில், அத்தனை படித்தவர்களுக்கு நடுவில், ஒரு மனுஷி வெள்ளைத் துணியாக வெளுத்து விழுந்து கிடக்கிறார். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றார் மேட்ரன். பரிசு கிடைத்த சந்தோஷம் என்று ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் சிரித்தார். கனவான் மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு துடித்ததைப் பார்த்து, விழுந்ததில் முழங்காலில் பலமாக அடிபட்டிருக்கிறது என்று டொக்டர் நினைத்தார். ஒரு நோவு ஊசி கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

எந்த மாத்திரை அவர் வயிற்றைப் புண்ணாக்கியதோ அதே வகை மருந்து, ஊசி வடிவத்தில். அது உடம்பில் ஏறினால் இரத்தம் இன்னும் போகும். டொக்டரைக் குறைசொல்ல முடியாது, அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவர் தரையில் கிடந்தார். அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சொல்லாத. சொன்னா நான் தெருவுலதான்” என்றார்.

ஊசியோடு ஒரு பிள்ளை படியேறி வந்துகொண்டிருந்தாள். மெதுவாக டொக்டரின் காதில் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். என்னைச் சுற்றி மேட்ரனும் பணிப்பாளரும் குனிந்துகொண்டு நின்றார்கள். காதில் சொன்னாலும் அவர்களுக்குக் கேட்கும். அப்படியானால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“அந்த ஊசி வேணாம் டொக்டர். இவங்க நெடுக நோவு மாத்திரை போடுறாங்க. கறுப்பா போகுது. உள்ளுக்கு ரத்தம் போய்க்கிட்டு இருக்கு.”

அக்கா என் கையை விட்டுவிட்டார். அவர் விட்டது எனக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. டொக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே நாடியைப் பிடித்தார், ஊசியைத் திருப்பி அனுப்பினார், ஸ்ட்ரெச்சர் கேட்டார், இரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார். நல்ல பிள்ளை, ஒரு கேள்விகூட அநாவசியமாகக் கேட்கவில்லை. கொழும்புக் கனவான் படங்களைச் சுருட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைப் பக்கம் போனார். அதற்கென்றுதானே வந்தது.

பிள்ளைகளே, இதை மனதில் போட்டு வையுங்கள். கூட வேலை செய்கிறவளின் இரகசியத்தை வெளியே விடாதீர்கள், அது மரியாதை. அவள் விழுந்துவிட்டால் அது இரகசியமில்லை, டொக்டருக்குத் தெரிய வேண்டிய சங்கதி. சத்தியம், சிநேகிதம், விசுவாசம் என்று அந்த நேரத்தில் நின்று யோசிக்கிறவளை நான் தாதி என்று சொல்ல மாட்டேன்.

அக்கா பிழைத்தார். எங்கள் வாட்டிலேயே, அவர் எத்தனையோ பேருக்கு விரிப்பு மாற்றிய கட்டில் ஒன்றில், இரத்தம் ஏற்றிப் படுக்கவைத்தோம். அன்றைக்குத்தான் அந்த வாட்டில் அவர் முதல் தடவையாக முதுகைச் சாய்த்தார். நான் பக்கத்தில் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மற்றக் கிழவிகள் அதற்கு மேலே. டின் ஒரே நாளில் மாயமாகிவிட்டது. நான் குசினிக்குள் போனால் எல்லோரும் வெளியே போனார்கள். காட்டிக்குடுத்தவள் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். உயிரைக் காப்பாற்றியதற்கு யாராவது நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்து இந்த வேலைக்கு வந்திருந்தால் இப்போதே திரும்பிப் போய்விடுங்கள், கண்டி டவுனில் புடைவைக்கடைகளில் ஆள் தேவை என்று போட்டிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து மேட்ரன் வந்தார். நான் அக்காவின் சேலைன் போத்தலை மாற்றிக்கொண்டு நின்றேன். மேட்ரன் கட்டில் காலடியில் விறைப்பாக நின்றுகொண்டு, தாதியாக இருந்துகொண்டு இப்படி ஒரு காரியம் செய்ததற்கு வெட்கமாக இல்லையா என்று சிங்களத்தில் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கே அவமானம் என்றார். முழங்காலின் நிலையையும் டொக்டர் சொல்லிவிட்டாராம், ஆகையால் போர்டுக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லையாம். தான் என்ன செய்ய, சட்டம் அப்படி என்றார். சட்டம் என்று சொல்லும்போது கொஞ்சம் அனுதாபமும் காட்டினார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் மூட்டியது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இனி இழக்க ஒன்றுமில்லை என்றால் ஆட்களுக்கு ஒரு துணிவு வருமே, அந்தத் துணிவு அவர் முகத்தில் தெரிந்தது. மேட்ரன் பேசி முடித்ததும் அமைதியாகச் சொன்னார்.

“ஒங்க கைப்பையிலயும் அதே மாத்திரதான் இருக்கு மிஸ். நீங்க போடுறத நான் எத்தனையோ தரம் பாத்துருக்கேன். ஒங்களயும் போர்டுக்கு எழுதுவீங்களா?”

மேட்ரனின் கை கைப்பை மேல் போனது. என்னைப் பார்த்தார். நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி நடந்தார். அந்த நடையை அப்போதுதான் நான் ஒழுங்காகக் கவனித்தேன். விறைப்பு என்று இத்தனை காலம் நாங்கள் பயந்தது வேறொன்றுமில்லை, மடக்க முடியாத முழங்கால். தன் முழங்காலை மறைக்கிறவர் கெலிஓயாக்காரியின் முழங்காலுக்காக அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த பயம் அத்தோடு போனது. வெறுப்பு மட்டும் மிஞ்சியது.

அடுத்த நாள் காலையில் மேட்ரன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இடமாற்றம்தான், எங்கேயாவது கண்காணாத ஆஸ்பத்திரிக்குத் தூக்கியடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாட்டில் இருந்த கிழவிகளும் அப்படித்தான் நினைத்தார்கள், சிலர் சந்தோஷமாக. உள்ளே போனதும் மேட்ரன் எழுந்து வந்து தானே கதவைச் சாத்தினார். மேசையில் அக்காவைப் போர்டுக்கு அனுப்பும் கடிதம் தட்டச்சடித்துக் கிடந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை.

கதிரையில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் ஒரு தாதி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் உட்காரவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு காய்ந்திருந்தது, முகத்தில் பவுடரை அப்பியிருந்தார். அந்தப் பவுடருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கடைசியில் சிங்களத்தை விட்டுவிட்டு, கலஹாத் தமிழில், சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

“எனக்கும் கறுப்பாத்தான் போகுது.”

பாவம் என்று நினைக்கவா, நல்லா வேணும் என்று நினைக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. பாவப்பட்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னை நல்லவள் என்பீர்கள், ஆனால் அது பொய். மேசைக்குப் போய் அந்தக் கடிதத்தை எடுத்து, அவர் கண்ணுக்கு முன்னாலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

“அக்காவ கண் கிளினிக்குக்குப் போடுங்க மிஸ், அது ஒக்காந்து செய்யிற வேல. நீங்க இப்பவே என்கூட வாங்க. அவங்களுக்குப் பக்கத்துல ஒரு கட்டில் போடுறேன்.”

வந்தார். கண் கிளினிக்குக்கும் சரி என்றார். பவுடரைத் துடைத்துவிட்டு, டொக்டரிடம் சொல்லி, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, நானே ஊசி குத்தி இரத்தம் ஏற்றினேன்.